உப்பளத்துப் பிள்ளைகளும் குடும்ப நலப் பணியும்

நெசவையும் வேளாண்மையையும் பற்றிப் பேசும் இவ்விதழில் உப்பளத்துப் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அங்கத்தினர்கள் சிலர் நினைக்கக்கூடும். நம் உணவில் உப்பில்லாத நாள் ஒன்றுமில்லை. அந்த உப்பை வாரித் தரும் கைகளைப் பற்றி நாம் நினைக்கும் நாட்களோ மிகச் சில. இஃது ஒரு காரணம். இதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பருவத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பம் எதுவாயினும், வேலை ஓயும் மாதங்களில் அதன் பாரம் முதலில் இறங்குவது பிள்ளையின் படிப்பின் மீதுதான். மழை பிடித்தால் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாத நெசவாளி வீட்டிலும், நடவுக்கும் அறுப்புக்கும் இடையே கையில் காசில்லாத உழவர் வீட்டிலும் நிகழ்வதே உப்பளத்திலும் நிகழ்கிறது. ஆனால் உப்பளத்தில் அஃது எவர் கண்ணுக்கும் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே மரக்காணக் கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வறிய குடும்பத்துப் பிள்ளையின் கல்வி எந்த இடத்தில் அறுகிறது, அறுந்த இழையை எவ்வாறு முடிந்து கொடுப்பது என்பவற்றை இங்கே விளக்குவோம்.

உப்பளத்தின் ஆண்டு

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், வடக்கே ஆந்திர நாட்டிலிருந்து கடலை ஒட்டி வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் இடம் மரக்காணம். அதற்குத் தெற்கே கழுவேலி என்னும் பெரிய உவர்நீர் ஏரி உள்ளது. இக்கரையில் பரந்து கிடக்கும் உப்பளங்கள், தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றிற்கு அடுத்துத் தமிழ்நாட்டில் பேர்பெற்றவை.

உப்பு விளையும் விதத்தை அறிந்தாலன்றி அங்குள்ள குடும்பத்தின் வாழ்வை அறிய முடியாது. கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு அளவே உப்புக்கள் உண்டு. அந்த உவர்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றி வெயிலில் சுண்டவிடுகிறார்கள். நீரின் அடர்த்தியை அளக்கும் போமே அளவின்படி கடல் நீர் ஏறத்தாழ 3 பாகையில் இருக்கும். அது 25 பாகையை எட்டும்போதுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும். படிந்த உப்பைப் பலகை கொண்டு வாரிக் கரையில் குவித்து, தலைச்சுமையாகச் சுமந்து அம்பாரம் சேர்க்கிறார்கள். வெயில்தான் இத்தொழிலுக்கு மூலதனம். வெயில்தான் தொழிலாளிக்குப் பகை. வெண்மையான பாத்தியின் கூச்சம் கண்ணைத் தாக்கும். உவர்நீர் பாதத்தின் தோலை வெடிக்கச் செய்யும். வெயில் ஏறுமுன் வேலையைத் தள்ளிவிடவேண்டி, விடியற்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்படுவது இங்கே வழக்கம்.

ஆண்டின் தொடக்கத்தில் அளத்தைச் சீர்செய்து, வரப்புக் கட்டி, பாத்தியின் தரையை மிதித்து இறுக்குகிறார்கள். கோடை முழுவதும் உப்பு விளையும். வடகிழக்குப் பருவ மழை தொடங்கிவிட்டால் யாவும் நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளம் நீரில் கிடக்கும். விளைந்த உப்பும் ஒரு பெருமழையில் கரைந்துவிடக்கூடும். 30-11-2024 அன்று புதுச்சேரிக்கருகே கரை கடந்த பெஞ்சல் புயலின்போது, இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. இத்தகைய ஆண்டில் அளத்தை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்வதற்கே பல வாரங்கள் ஆகும். அந்த வாரங்களுக்கும் குடும்பத்தில் அடுப்பெரிய வேண்டுமன்றோ!

பள்ளியின் ஆண்டும் உப்பின் ஆண்டும் ஒன்றுக்கொன்று இசைவதில்லை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். அளத்தில் வேலை மும்முரமாயிருக்கும் மாதங்களில் முழுப் பரீட்சை வருகிறது. பள்ளி நன்கு நடந்துவரும் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் வருமானமில்லை. ஒரு பருவத்தில் பெற்றோருக்கு நேரமில்லை. மறு பருவத்தில் காசில்லை. இவ்விரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவே பிள்ளை நிற்கிறது.

பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது எப்படி?

எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் படிப்பை விட்டுவிடுவதில்லை. விளக்கத்துக்காக ஒரு குடும்பத்தை நாமே அமைத்துக்கொள்வோம். இஃது உண்மையான எந்த வீட்டையும் குறிப்பதன்று. தந்தையும் தாயும் அளத்துக்குச் செல்பவர். மூத்தவள் பன்னிரண்டு வயதுப் பெண். அடுத்தவன் ஒன்பது வயதுப் பையன். கடைசியாக ஒன்றரை வயதுக் குழந்தை.

விடியற்கு முன் பெற்றோர் சென்றபின் வீட்டுக்குத் தலைவி அந்தப் பெண்ணே. தண்ணீர் பிடிக்க வேண்டும். தம்பியை எழுப்ப வேண்டும். குழந்தைக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். அங்கன்வாடி திறக்கும்வரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பள்ளிக்குச் சென்றால் முதற் பாடம் முடிந்திருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்று பள்ளியே இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் என்று தொடங்கிய இது இரண்டு நாளாகிறது. கணக்கில் பின்னம் நடத்திய நாட்களில் அவள் வரவில்லை. பின்னம் தெரியாததால் அடுத்து வரும் தசமமும் சதவீதமும் விளங்கவில்லை. ஆசிரியர் கேட்கும் வினாவுக்கு விடை தெரியாமல் நிற்பது அந்த வயதில் பெரிய வெட்கம். வீட்டு வேலைக்காக நின்றவள், இப்போது வெட்கத்துக்காகவும் நிற்கத் தொடங்குகிறாள். இந்த இரண்டாவது காரணத்தை அவள் எவரிடமும் சொல்லமாட்டாள்.

இதற்கிடையில் மழை வந்துவிடுகிறது. அடுத்த பருவத்தில் கழிப்பதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறார்கள். கடையில் கடன் ஏறுகிறது. தந்தை கட்டட வேலை தேடிச் சென்னைக்கோ புதுவைக்கோ போகிறார். பருவம் திரும்பும்போது கடனைக் கழிக்க வீட்டில் இன்னும் ஒரு கை தேவைப்படுகிறது. பையனின் சனி ஞாயிறு முதலில் போகிறது; பின்பு வெள்ளியும் போகிறது. பெண்ணுக்கு வயது ஏறுகிறது; வீட்டில் தனியே விட்டுச் செல்ல அச்சம்; உறவில் வரன் இருக்கிறதென்று யாரோ சொல்கிறார்கள். இவ்வளவு நடந்தபின்பும் பள்ளியின் பதிவேட்டில் அவ்விருவர் பெயரும் இருந்துகொண்டேயிருக்கும். பதிவேட்டில் பெயர் இருப்பதும் பிள்ளை படிப்பதும் ஒன்றல்ல.

இக்கதையில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. தாய் தகப்பனுக்குப் பிள்ளையின் மீது அன்பில்லாமலில்லை. படிப்பின் அருமை தெரியாமலுமில்லை. ஒவ்வொரு நாளும் அன்றைய நெருக்கடிக்கு அவர்கள் எடுத்த முடிவு நியாயமானதே. நியாயமான சிறு முடிவுகள் பல சேர்ந்து பிள்ளையின் எதிர்காலத்தை அடைத்துவிட்டன. ஆதலின் பெற்றோரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. பள்ளியில் காணப்படும் இந்நோயின் வேர் வீட்டின் வரவு செலவில் இருக்கிறது. மருந்தும் அங்கேயே தொடங்க வேண்டும்.

இஃது ஒழுங்காக உழைக்கும் குடும்பத்தின் நிலை. இதன்மேல் ஒரு பேரிடி விழுந்தால் என்னாகும்? 26-12-2004 அன்று ஆழிப்பேரலை இக்கரையின் குப்பங்களையும் தாக்கிற்று. 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அரசாங்கம் இறந்தோர் குடும்பங்களுக்கு ரூ. 10 லட்சம் வீதம் நிவாரணம் அறிவித்தது. பணம் இன்றியமையாததே. ஆயினும் சம்பாதிப்பவரை இழந்த வீட்டில், பணத்தால் மட்டும் தீராத காரியங்கள் பல எழும். வாரிசுச் சான்று வாங்க வேண்டும். வந்த தொகையைப் பிள்ளைகளின் பெயரில் பத்திரப்படுத்த வேண்டும். பழைய கடனென்று சொல்லிக்கொண்டு வருவோரைச் சமாளிக்க வேண்டும். பேச்சு நின்றுபோன பிள்ளையை மீண்டும் பேச வைக்க வேண்டும். இவற்றில் துணை நிற்பவர் யார் என்பதே கேள்வி.

பள்ளி செய்ததும், பள்ளியால் ஆகாததும்

நம் மாநிலத்தில் பள்ளியின் பக்கத்திலிருந்து செய்யப்பட்டது சிறிதன்று. 1956-இல் காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில் பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. அரசாங்கப் பணத்தோடு ஊராரின் நன்கொடையும் சேர்த்தே அது நடத்தப்பெற்றது. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் நிகழ்ந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் அளித்தனர். 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதிலுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 1-4-2010 முதல் நடைமுறைக்கு வந்து, 6 முதல் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்கிற்று. பிள்ளைகள் உடுத்தும் இலவசச் சீருடையின் துணியும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகவே வழங்கப்பட்டு வந்துள்ளது. ஆகவே உப்பளத்துப் பிள்ளைக்கும் நெசவாளிக்கும் ஏற்கெனவே ஒரு நூல் உறவு உண்டு.

விடியற்கு முன் பெற்றோர் புறப்படும் வீட்டில் காலைச் சிற்றுண்டி எவ்வளவு பெரிய உதவி என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் உணவும் உடையும் புத்தகமும் பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளைக்கே எட்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக் கட்டடம் தேடி வராது. யாரேனும் ஒருவர் நடந்து அந்த வாசலுக்குச் செல்ல வேண்டும்.

முதலியார்குப்பத்தில் தொடங்கிய பணி

அவ்வாறு வாசலை நோக்கி நடந்த முயற்சியொன்று இக்கரையிலேயே தொடங்கிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8 வகுப்புப் பிள்ளைகளுக்கு 1-11-2021 அன்றுதான் மீண்டும் திறந்தன. இடைப்பட்டது ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட காலம். அந்த இழப்பை ஈடு செய்ய வகுக்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தை, 27-10-2021 அன்று மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில் அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார்.

அதன் அமைப்பு எளிமையானது. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் வகுப்பு. ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். வகுப்பு நடக்கும் இடம் தெருவின் திண்ணையோ, கோயில் மண்டபமோ, ஒருவர் வீட்டு முற்றமோ. தொடக்க வகுப்புக்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவரும், 6 முதல் 8 வகுப்புக்களுக்குப் பட்டம் பெற்றவரும் கற்பித்தனர். ஊக்கத்தொகை மாதம் ரூ. 1,000. தன்னார்வலர் தொகை மாநிலத்தில் இரண்டு லட்சத்தை நெருங்கிற்று. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்களே.

பயன் விளைந்ததா? தமிழ்நாட்டு ஊரகப் பகுதியில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளின் கல்வி நிலையைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் அளந்து பார்த்தனர். பள்ளி மூடியிருந்த காலத்தில் இழப்பு மிகுதி. மொழிப் பாடத்தைவிடக் கணக்கில் இழப்பு இன்னும் மிகுதி. ஆனால் பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இம்மாலை வகுப்புக்களால் விளைந்தது என்றும் அவர்கள் கண்டனர். வெட்கத்தினால் வகுப்பை விட்டு விலகும் பிள்ளை திரும்பிவர இயலும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. பின்னத்தை விட்டுவிட்ட பெண் அதனைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ள முடியும். அவளுக்கு அருகில் உட்கார்ந்து, கேலி செய்யாமல் மறுபடி சொல்லித்தர ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவே.

இம்முயற்சியிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. பாடம் பிள்ளையின் வீட்டுக்கு அருகில் நடக்க வேண்டும். பெற்றோர் வேலையிலிருந்து திரும்பி, குழந்தையை ஏற்றுக்கொள்ளும் மாலை நேரத்தில் நடக்க வேண்டும். நடத்துபவர் அந்த வீட்டாருக்கு முன்பே அறிமுகமானவராக இருக்க வேண்டும். எனினும் மாலை வகுப்பும் வரும் பிள்ளைக்குத்தான் பாடம் சொல்லும். வராத பிள்ளையின் வீட்டில் கடனையும் காய்ச்சலையும் சான்றிதழையும் கவனிப்பது வேறொரு பணி. அதனையே குடும்ப நலப் பணி என்கிறோம்.

குடும்ப நலப் பணி என்பது யாது?

இஃது தருமம் கொடுப்பதன்று, புத்திமதி சொல்வதுமன்று. ஒரு குடும்பம் தன் நெருக்கடியைத் தானே அவிழ்த்துக்கொள்ளும்படி அருகிருந்து உதவுவது. இதனை முறையான கலையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க நாட்டு மேரி ரிச்மண்ட் அம்மையார். அவருடைய நூல் 1917-இல் வெளிவந்தது. துன்புறும் ஒருவரைத் தனியராகக் கொள்ளாமல், அவருடைய குடும்பம், தொழில், அண்டை அயல் ஆகியவற்றோடு சேர்த்து ஆராய வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. நம் நாட்டில் 1936-இல் பம்பாயிலும், 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னையிலும் சமூகப் பணிக்கான கல்லூரிகள் ஏற்பட்டன. பயின்ற பணியாளர் கிடைப்பின் மிக நன்று. கிடைக்காத ஊரில், ஊராரின் மதிப்புக்குரிய ஒருவர் இதன் அடிப்படை முறைகளைக் கைக்கொண்டு பெரும்பகுதியைச் செய்ய இயலும். அம்முறைகள் வருமாறு:

முதலாவது, கேட்பது. முதன்முறை செல்லும்போது பிள்ளை ஏன் வரவில்லை என்று அதட்டிக் கேட்டால் காய்ச்சல் என்ற விடையே கிடைக்கும். வீட்டில் நாள் எவ்வாறு தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று கேட்டால் காரணம் தானே வெளிப்படும். தாயிடமும் தந்தையிடமும் கேட்பது போலவே பிள்ளையிடமும் தனித்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கிடுவது. குடும்பத்தின் பன்னிரண்டு மாத வரவையும் கடனையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், எந்த மாதத்தில் நெருக்கடி வரும் என்பது முன்னதாகவே தெரியும். குடும்பத்தின் பலத்தையும் எழுத வேண்டும்: பாட்டி உண்டா, கைத்தொழில் அறிந்த அத்தை உண்டா, சுய உதவிக் குழுவில் சேமிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, சிறு ஏற்பாடுகளைக் குடும்பத்தாரே முடிவு செய்யும்படி செய்வது. நாம் மேலே அமைத்துக்கொண்ட வீட்டில், அளத்துக்குச் செல்லும் ஐந்தாறு தாய்மார் கூடி, குழந்தைகளை அங்கன்வாடி திறக்கும்வரை ஒரு பாட்டியிடம் விடலாம். அவருக்கு ஆளுக்குச் சிறிது கொடுக்கலாம். இவ்வொரு ஏற்பாட்டால் மூத்தவளின் முதற் பாடம் மீண்டும் கிடைக்கும்.

நான்காவது, இணைப்பது. உரிமையுள்ள உதவிகள் பல, விண்ணப்பத்துக்கு வேண்டிய ஒரு சான்றின்மையால் வந்து சேர்வதில்லை. விழுப்புரம் மாவட்டத்து இருளர் மக்களின் பிள்ளைகள் பலர் சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் மேற்படிப்பு இழந்தமை ஊரறிந்த செய்தி. இதற்காகத் திண்டிவனத்திலிருந்து பேராசிரியர் பிரபா கல்விமணி அவர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் நெடுங்காலம் உழைத்து வந்துள்ளனர். ஒரு சான்றிதழ் ஒரு பிள்ளையின் கல்லூரி வாயில்.

ஐந்தாவது, தொடர்வது. ஒருமுறை சென்று வருவது விசாரணையாகும். மாதந்தோறும் சென்று வருவதே துணையாகும். மழை மாதங்களுக்கு முன்பும் பின்பும் கட்டாயம் செல்ல வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. வீட்டில் கேட்டதை வெளியில் சொல்லலாகாது. ஒரு குடும்பத்தின் கடனும் குடியும் டீக்கடைப் பேச்சானால், அவ்வீட்டின் கதவு மட்டுமன்று, அத்தெருவின் கதவுகள் அனைத்துமே அடைபட்டுவிடும். ஆனால் பிள்ளை அடிக்கப்படுகிறது, தகாத முறையில் நடத்தப்படுகிறது, அல்லது இளவயதில் மணம் செய்யப்படவிருக்கிறது என்று தெரிந்தால் மௌனம் கூடாது. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அந்நிலையில் பிள்ளையின் பாதுகாப்பே முதற் கடமை.

சட்டமும் உதவிகளும்

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எத்தொழிலிலும் வேலைக்கு வைத்தல் குற்றம். 14 முதல் 18 வயதுக்குட்பட்டோரை அபாயமான தொழிலில் வைத்தலும் குற்றம். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் தவிர்த்தும் விடுமுறையிலும், அபாயமற்ற வேலையில் உதவுவதற்கு மட்டுமே விலக்கு உண்டு. அதுவும் படிப்பைப் பாதிக்கக் கூடாது. இந்த விலக்கை நெசவாளர் வீடுகள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். மாலையில் சிறிது நேரம் தார் சுற்றித் தருவது வேறு. பள்ளி நாளில் நாள் முழுதும் தறியடியில் உட்கார வைப்பது வேறு. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் கட்டுண்டு கிடந்த காலத்தை நாம் மறக்கலாகாது. முன்பணம் என்பது அளத்திலும் தறியிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

மத்திய அரசாங்கத்தின் ‘வாத்சல்யா’ திட்டத்தில் 2022-ஆம் ஆண்டின் நெறிமுறைகளின்படி, பிள்ளையை விடுதிக்கு அனுப்பாமல் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் ரூ. 4,000 ஆதரவுத்தொகை வகுக்கப்பட்டது. ஊரகத்தில் ஆண்டு வருமானம் ரூ. 72,000-க்கு மேற்படாத குடும்பங்களில், தாய் கைம்பெண்ணாகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தாலும், பெற்றோர் கொடிய நோயுற்றாலும், பெற்றோரை இழந்த பிள்ளை உறவினரிடம் வளர்ந்தாலும் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம் இதனைக் கவனிக்கிறது. தமிழ்நாடு அரசாங்கம் 15-9-2025 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோரை இழந்த வறிய பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் ரூ. 2,000 அளிப்பது. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, உற்பத்தி நின்ற மழைக் காலத்துக்காக ரூ. 5,000 நிவாரணம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. கைத்தறி நெசவாளர் நல வாரியத்திலும் பிற தொழிலாளர் நல வாரியங்களிலும் பதிவு பெற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு; பதிவைக் காலத்தில் புதுப்பிக்காதவர் அதனை இழப்பர். தொகையும் விதியும் காலந்தோறும் மாறுபவை. ஆதலின் விண்ணப்பிக்குமுன் உரிய அலுவலகத்தில் அந்த ஆண்டின் நிலையைக் கேட்டறிதல் நலம்.

ஒரு பிள்ளைக்கு வீட்டில் சங்கடம் என்றவுடன் அதனை விடுதியில் சேர்த்துவிடுவதே வழி என்று பலர் எண்ணுகின்றனர். விடுதி சிலருக்கு இன்றியமையாதது. ஆனால் வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது சரியன்று. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் குடும்பத்தோடு வாழும் உரிமையை முதன்மையாகக் கொண்டு, விடுதியைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறது.

சங்கம் செய்யத்தக்கவை

கூட்டுறவின் தாயகமெனப்படும் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில், 1844-இல் நெசவாளர் முதலிய தொழிலாளர் கூடிக் கடை வைத்தனர். சில ஆண்டுகளில் தங்கள் உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். அன்றுமுதல் கல்வி கூட்டுறவின் கொள்கைகளுள் ஒன்றாக நின்று வருகிறது. நம் சங்கங்கள் பலவற்றின் துணை விதிகளிலும் பொது நன்மைக்கென நிதி ஒதுக்க இடமுண்டு. ஆண்டுப் பொதுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் அவ்விதியை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பெருந்தொகை வேண்டும் என்பதில்லை. சங்கக் கட்டடத்தின் திண்ணையும் ஒரு விளக்கும் மாலையில் இரண்டு மணி நேரத்துக்குப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கலாம். நிர்வாகக் குழுவினருள் ஒருவரும் பெண் அங்கத்தினருள் ஒருவரும், தலைமையாசிரியரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து, அடிக்கடி வராத பிள்ளைகளின் பட்டியலைப் பார்க்கலாம். அவ்வீடுகளை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டு சென்று வரலாம். விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் அறிந்த சங்கக் காரியதரிசி, மாதத்தில் ஒரு நாளை அதற்கென ஒதுக்கலாம். ஊராட்சியில் அமைந்துள்ள குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் சங்கத்தின் குரல் ஒலிக்கலாம்.

இவையாவற்றினும் சங்கத்துக்கே உரிய வேலை ஒன்றுண்டு. முன்பணத்தின் பிடியைத் தளர்த்துவது அது. கோடையில் கூலி வரும் நாட்களில் வாரந்தோறும் சிறுதொகை சேமிக்கச் செய்து, மழை மாதங்களில் அச்சேமிப்போடு குறைந்த வட்டிக் கடனும் கிடைக்கும்படி ஒரு குடும்பத்துக்கு ஏற்பாடு இருந்தால், அடுத்த பருவத்து உழைப்பை முன்கூட்டி விற்க வேண்டிய நிலை வராது. அந்த உழைப்பில் பிள்ளையின் உழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதை நாம் கண்டோம். ஆகவே தக்க மாதத்தில் கிடைக்கும் சிறு கடன், பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தும் கருவிகளுள் ஒன்று. கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் நம் சங்கங்கள் நெடுங்காலமாக அறிந்த தொழில். அதனைப் பள்ளி நாட்காட்டியின் அருகில் வைத்துப் பார்ப்பதொன்றே புதிது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னது நம் நாட்டு வழக்கு. அந்நினைவு செயலாக வேண்டுமாயின், ஐப்பசி பிறக்குமுன் அங்கத்தினர்கள் தம் தெருவில் ஒரு வீட்டைத் தேர்ந்துகொள்ளட்டும். அவ்வீட்டில் பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை எது, அதனைத் தடுப்பது எது, மழை மாதங்களுக்கு அவ்வீட்டில் என்ன இருக்கிறது என்னும் மூன்றையும் அன்போடு கேட்டு அறியட்டும். அறிந்ததை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முன் வைப்பார்களாக.